பூசாத கரி

முதலில் துரோகம் செய்தது மச்சான்தான். அதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கண்காட்சி. நடுவர்கள் மூன்று பேர் அவர் செய்த மாதிரி விண்கப்பலுக்கு முன்னால் வந்து நின்றார்கள். நாற்பது ஜன்னலிலும் விளக்கு எரிந்தது. "ஒயரிங்கூட என் கையாலதான்" என்று அவர் வாய் நிறையச் சொல்லி முடிக்கவில்லை, மேசைக்குப் பின்னால் நின்ற மச்சான் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். கப்பல் இருண்டுபோனது. மறுபடி சொருகியும் எரியவில்லை.

"கால் தடுக்கிடுச்சு அத்தான்."

அவ்வளவுதான். வலது கையைப் பேன்ட் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. மன்னிப்புக் கேட்கிறவன் நிற்கிற லட்சணமா அது?

பரிசு பக்கத்து மேசைக்குப் போனது. அவர் கப்பலைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். மச்சானோடு பேசுவதையும் அன்றோடு விட்டார்.

இப்போது அடுத்த கப்பல். பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடித்த கை அது. முப்பத்தெட்டு வருஷம் துருவை மறைத்தவர், ஓய்வுபெற்ற பிறகு உட்கார்ந்து துருவை வரைகிறார். கிழிந்த ஸ்பாஞ்சால் ஓரங்களில் வெள்ளியைத் தொட்டுத் தொட்டு வைத்தால் பெயிண்ட் உரிந்த மாதிரி இருக்கும். அதன்மேல் பழுப்பைத் தண்ணீராகக் கரைத்துவிட்டுத் துணியால் துடைத்தால் நூறு வருஷ அழுக்கு.

"என்னங்க, பால் தீயுது! பக்கத்துலதானே இருக்கீங்க, நாத்தம் தெரியல?"

"பெயிண்ட் தின்னர் தின்ன மூக்கு. அதுக்கு என்ன தெரியும்?"

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "நாளைக்குக் காலையில தம்பி வெளியூர்ல அவன் மகன் வீட்டோட போயிடறான். இனிமே இந்தப் பக்கம் வரமாட்டான். இன்னைக்குச் சொல்லிக்க வருவான். ஒரு வார்த்தை பேசுங்க."

"முதல்ல அவன் மன்னிப்புக் கேக்கட்டும்."

சாயங்காலம் மச்சான் வந்தான். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், சத்தமில்லாமல் நடப்பான்.

"துரு பிரமாதம் அத்தான். தொட்டா கையில ஒட்டும்போல."

அவர் நிமிரவில்லை. "பிளக் பக்கம் போக வேண்டாம்னு உன் தம்பிகிட்ட சொல்லு."

மச்சானும் அக்காவைப் பார்த்தே பேசினான். "இதுல எத்தனை விளக்கு அக்கா?"

"அறுபதாம்."

"ஒரு ஃப்யூஸ் மாட்டச் சொல்லு." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசையில் வைத்தான். "பத்து இருக்கு."

"வந்துட்டாரு மின்சார மேதை!" என்றார் அவர், கப்பலிடம்.

மச்சான் சிரித்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். "வரேன் அத்தான்" என்று கிளம்பிப் போனான். அவள் வாசல்வரை போய்விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

அறுபது விளக்குக்குப் பன்னிரண்டு குறைந்தது. பழைய கப்பலில் கழற்றிக்கொள்ளலாமே என்று பரணிலிருந்து அதை இறக்கி, மேசையில் குப்புறக் கவிழ்த்தார்.

"அட, வால் பக்கம் அடியில இந்தக் கரி எவ்வளவு நல்லா வந்திருக்கு!" என்றாள் அவள். "நிஜமாவே எரிஞ்ச மாதிரி."

அவர் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

கப்பல் ஸ்டாண்டில் நிற்கும். அடிவயிற்றை யாரும் பார்க்கப்போவதில்லை. அங்கே அவர் எதுவுமே பூசவில்லை.

நகத்தால் சுரண்டினார். பெயிண்டாக இருந்தால் மேலோடு உதிரும். இது உதிரவில்லை. உள்ளேயிருந்து வெளியே வந்திருந்தது.

மூடியை நெம்பித் திறந்தார். இருபது விளக்கு தாங்கும் ஒயரில் நாற்பதை மாட்டியிருந்தார். ஒயர் உருகிப் பாதியில் அறுந்துகிடந்தது. அதன் பக்கத்தில், இளகி இறுகிய பிளாஸ்டிக்கில், இரண்டு சின்னக் குழி. குழிக்குள் வரிவரியாக ரேகை.

ஈரப் பெயிண்டில் விரல் வைத்தவர்களைத் திட்டியே காலம் தள்ளியவர். விரல் தடம் அவருக்குத் தெரியாதா? எரிகிற ஒயரை யாரோ வால் பக்கத் துவாரம் வழியாகக் கைவிட்டுப் பிய்த்திருக்கிறார்கள்.

பேன்ட் பைக்குள் போன வலது கை, வெளியே வரவே வராத கை.

விரலில் ஒட்டிய கரியைத் துணியில் துடைத்தார். பிறகு போனை எடுத்தார்.

"அத்தான்?" மச்சானுக்கு நம்ப முடியவில்லை.

"கை ஆற எத்தனை நாள் ஆச்சு?"

"எந்தக் கை அத்தான்?"

"கேக்கிறேன்ல."

"ஒரு மாசம்... விடுங்க அத்தான்."

"அன்னைக்கே ஏன்டா சொல்லல?"

"ஒயரிங் உங்க கையாலன்னு மூணு பேர் முன்னாடி சொல்லிட்டிருந்தீங்க. அந்த நேரத்துல எப்படி அத்தான்..."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதான் பேசவே இல்லையே."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பக்கத்தில் நின்ற மனைவி, தழுதழுத்து மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றே நினைத்தாள்.

"ரெண்டு வருஷம்டா! ரெண்டு வருஷம் பேச ஆளில்லாம இந்தக் கப்பலோட பேசிக்கிட்டிருந்தேன். எல்லாம் உன்னாலதான். அந்த ரெண்டு வருஷத்தை எனக்குக் கொடுத்துட்டு அப்புறம் எந்த ஊருக்கு வேணா போ!"