துவைக்காத சட்டை

உச்சி வெயிலில், கொல்லையில் கிடக்கும் துவைகல்லின் மேல் கதிர்வீச்சு மீட்டரைப் பிடிக்கிறான் அளக்க வந்தவன். வாசலில் சும்மா முனகிக்கொண்டிருந்த மீட்டர், இங்கே சோளம் பொரிகிற மாதிரி படபடக்கிறது. எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களுக்குள் படியும் கசட்டைச் சுரண்டுவதுதான் இந்த வீட்டுக்காரருக்குச் சாகும்வரை வேலை. பூமிக்கடியிலிருந்து கதிர்வீச்சோடு ஏறி வந்த அந்தக் கசடு, அவர் சட்டையோடு வீட்டுக்கு வந்து, இருபது வருடம் இந்தக் கல்லில் அடித்துத் துவைக்கப்பட்டிருக்கிறது. "பொட்டு அழுக்கு விடமாட்டேன் தம்பி," என்கிறாள் அவர் மனைவி. குரலில் இன்னும் அந்தப் பெருமை இருக்கிறது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா." ஆட்கள் இருவர் கடப்பாரை போட்டுக் கல்லைப் புரட்டுகிறார்கள், அடியில் ஈரமண் கறுத்துக் கிடக்கிறது. அவள் உள்ளே போய் ஒரு சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறாள். "கடைசியா போட்டது. அவரு வாசம் போயிடுமேன்னு இதை மட்டும் துவைக்கலை. இதையும் பாத்துடு." அவன் கட்டைவிரல் மீட்டரின் ஒலியை அணைக்கிறது. காலர் அருகே போனதும் முள் துள்ளிக் கடைசிக் கோட்டில் ஒட்டிக்கொள்கிறது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். "சத்தமே வரலையே தம்பி. அப்ப இதை நான் வச்சுக்கலாம்ல?" அவன் காலடியில் கழிவுக்கான மஞ்சள் பை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது.