ஏழாவது இன்னிங்ஸ் பிழை

கல்லூரி பேஸ்பால் அணியின் விருதுச் சுவர் முன்னால் நின்றுகொண்டு, கிழவி லோர்னா புதுப் பயிற்சியாளரைப் பிடித்துக்கொண்டாள். மனிதர் கான்சாஸுக்கு வந்தே ஒரு மாதம்தான்.

"இந்தப் பழைய ஆட்டத்தோட குறிப்புல, ஏழாவது இன்னிங்ஸ்ல டெல்பர்ட் பந்தைத் தவறவிட்டது பிழைன்னு எழுதியிருக்கு. அது பிழையில்ல, எதிராளியோட நல்ல அடி. மாத்துங்க."

"மாத்தினா அது அடிக் கணக்குல சேர்ந்துடும்; ஒரு அடிகூட விட்டுக்கொடுக்காம பந்து வீசினவர்ங்கிற பெருமை ஹார்லனுக்கு இல்லாமப் போயிடும்மா. விருதே அதுக்குத்தானே."

"நாப்பது வருஷமா ஊரே அவரை ‘ஓட்டைக்கை டெல்பர்ட்’னு கூப்பிடுது. சர்ச்சுலகூட."

புருஷனுக்காகச் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று பயிற்சியாளருக்குப் புரிந்துவிட்டதாம்.

"உங்க வீட்டுக்காரர் மனசு எவ்வளவு நொந்திருக்கும்னு தெரியுது. ஆனா ஹார்லன் ஒத்துக்கணுமே."

லோர்னா ஒரு கடிதத்தை நீட்டினாள். ‘அந்தப் பந்தை யாராலும் பிடித்திருக்க முடியாது. எனக்கு அன்றே தெரியும். விருது ஆசையில் வாயை மூடிக்கொண்டேன்.’ கீழே ஹார்லனின் கையெழுத்து நடுங்கியிருந்தது.

"இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு எழுதிக் குடுத்தார். செவ்வாய்க்கிழமை அடக்கம் பண்ணினோம். ஹார்லன்தான் என் வீட்டுக்காரர்."

பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றினார்.

"டெல்பர்ட் இன்னும் உயிரோடதான் இருக்கார்" என்றாள் லோர்னா. "சீக்கிரம் மாத்துங்க."