கூண்டுக்குள் வெறுங்கை

கொசு வளர்க்கும் அறையின் வெளிச்சம் வலை வழியே வடிந்து மேசைமேல் விழுகிறது. பெண் கொசுக்களோடு கூடி, முட்டை பொரியாமல் செய்து காய்ச்சலை ஒழிக்க ஊருக்குள் விடப்போகிற மலட்டு ஆண் கொசுக்கள் கூண்டுக்குள் ரீங்கரிக்கின்றன. கூட்டுப்புழுவில் பெண் பெரிது, ஆண் சிறிது; சல்லடையில் கீழே இறங்குவதெல்லாம் ஆண். ஆண் கடிக்காது; கடித்துக் காய்ச்சல் பரப்புவது பெண்தான். பெண் ஏதும் கலந்திருக்கிறதா என்று சோதிக்கத்தான் சலிக்கிறவள் வழக்கம்போல் வெறுங்கையைக் கூண்டுக்குள் நீட்டியிருக்கிறாள். வாசலில் வேன் டிரைவர் சாவியை விரலில் சுழற்றுகிறான். "என்னக்கா, மாப்பிள்ளைங்கள ஏத்தலாமா?" அவள் தன் கையையே பார்க்கிறாள். மணிக்கட்டில் உட்கார்ந்த ஒன்றின் வயிறு மெல்லச் சிவந்து உப்புகிறது. பக்கத்தில் இன்னொன்று. "இது புது வம்சம்டா," அவள் கையை வெளியே எடுக்கிறாள். "இதுல பொண்ணும் ஆணும் ஒரே அளவுதான் வளருது போல. பழைய சல்லடையில பொண்ணும் நழுவிடுச்சு." சாவி நிற்கிறது. "அப்ப காலைல நான் கொண்டுபோனது?" "அதே வம்சம். நீ அவசரப்படுத்தினேன்னு கை விட்டுப் பாக்காமலே அனுப்பிட்டேன்." அவன் கூண்டருகே வருகிறான். "எங்க தெருவுலதான்க்கா விட்டேன். இது கடிக்காதுன்னு வீடு வீடாச் சொல்லி, ஜன்னலையெல்லாம் நான்தான் தெறக்கச் சொன்னேன். எங்க வீட்டு ஜன்னலும் தெறந்துதான் இருக்கு. அதுக்குக் கீழதான் பாப்பா தொட்டில்."