கட்டுவிரியன்தானே?

"கட்டுவிரியன்தானே?" என்று லாவண்யா மறுபடியும் கேட்டாள்.

வாஷிங் மெஷினுக்கு அடியிலிருந்து வால் நுனி மட்டும் தெரிந்தது. அவள் வெறுங்காலோடு அதற்கு ஒரு முழம் தள்ளி நின்றாள்.

"மொதல்ல பின்னால வாங்கக்கா" என்றான் பாம்பு பிடிக்க வந்த பிரகாஷ். "பயப்படாதீங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

"பயம் இல்ல. தெரியணும். கட்டுவிரியனாத்தான் இருக்கும்னு இவர் சொல்றார்."

அவள் கணவன் ரகு பக்கத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வாசலில் கன்னடக்கார வீட்டுக்காரம்மா ஸ்வர்ணா துடைப்பத்தோடு காவல் இருந்தாள். "நோடப்பா, இந்த பில்டிங்ல இதுவரைக்கும் ஒரு பாம்பு வந்ததில்ல. லிஃப்ட்கூட இல்ல. மூணாவது மாடிக்கு இது எப்படி வந்துச்சு?"

"பைப் புடிச்சு ஏறும் ஆன்ட்டி."

"ஏறட்டும். எங்கிட்ட அக்ரிமென்ட் போட்டுட்டு ஏறட்டும்."

பிரகாஷ் சிரித்துக்கொண்டே கொக்கியால் மெல்ல இழுத்தான். பழுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டைகள். பட்டைகள் கழுத்திலிருந்தே நெருக்கமாகத் தொடங்கி, வால் பக்கம் போகப் போக மங்கியிருந்தன. கட்டுவிரியனுக்கு இது நேர்மாறாக இருக்கும்.

தன் கண்ணை நம்பாமல் இன்னொரு முறை பார்த்தான். சந்தேகமில்லை, ஓநாய்ப் பாம்பு. சொட்டு விஷம் கிடையாது.

துணிப்பையில் போட்டுக் கட்டினான். நல்ல சேதி சொல்ல நிமிர்வதற்குள் லாவண்யா கேட்டாள்.

"தூக்கத்துல கடிச்சா வலிக்கவே வலிக்காதாமே? கடிச்ச தடம்கூடத் தெரியாதாமே? வயித்து வலி மட்டும்தான் வருமாமே?"

"யாருக்காவது வயித்து வலி இருக்கா?" என்று பிரகாஷ் பதறினான்.

ஸ்வர்ணா அவன் சட்டையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இவங்களுக்கு ஒரே பொண்ணுப்பா. ஸ்னேஹா, ஏழு வயசு. போன மாசம் ஒரு ராத்திரி வயித்து வலின்னு அழுதிருக்கு. இவ வீட்ல இருந்த ஏதோ மருந்தைக் குடுத்துப் படுக்க வெச்சா. விடிஞ்சு பாத்தா உடம்பு ஜில்லுனு கெடக்கு."

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

"அறுத்துப் பாத்தாத்தான் தெரியும்னாங்க. கொழந்தையை அறுக்க வேணாம்னு இவங்க தூக்கிட்டு வந்துட்டாங்க. அன்னிலேருந்து, நான்தான் கொன்னேன், என் மருந்துதான் கொன்னுச்சுன்னு ஒரே பேச்சு. சோறு இல்ல, தூக்கம் இல்ல. போன வாரம் மொட்டை மாடி சுவர் மேல ஏறி நின்னா. நானும் ரகுவும்தான் இழுத்துப் போட்டோம்."

பிரகாஷ் கையிலிருந்த பையைப் பார்த்தான். பாம்புக்குத் தப்பான பேர் சொல்லக் கூடாது என்பது அவன் கற்ற முதல் பாடம். தப்பான பேரால் மனிதரும் சாகலாம், பாம்பும் சாகலாம்.

அவன் திரும்பி உள்ளே போனபோது லாவண்யா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பட்டப்பகலில் ரகுவின் கையில் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"கட்டுவிரியன்தான்கா" என்றான் பிரகாஷ். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

லாவண்யா அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். "நான் இல்ல. என்னங்க, நான் இல்ல. என் மருந்து இல்ல" என்று ரகுவின் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"அழட்டும் விடுப்பா. கொழந்தை போனதுலேருந்து இப்பத்தான் அழறா" என்றாள் ஸ்வர்ணா. அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து, லாவண்யா தானாகவே கொஞ்சம் தண்ணீர் கேட்டாள்.

பிரகாஷை வழியனுப்ப ரகு கேட் வரை வந்தான். பைக்கில் உட்கார்ந்த பிறகும் பிரகாஷுக்குக் கிளம்ப மனம் வரவில்லை.

"சார், உங்ககிட்டயாவது உண்மையைச் சொல்லிடணும். அக்காகிட்ட நான் சொன்னது பொய். இது விஷமே இல்லாத பாம்பு."

ரகு மூன்றாவது மாடியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னான்.

"தெரியும் தம்பி. நேத்து பக்கத்து காலி மனையிலேருந்து நான் அதைப் பிடிச்சுட்டு வரும்போதே என்னைக் கடிச்சிடுச்சு."