நானூற்றுப் பன்னிரண்டாம் பெட்டி

"நானூத்திப் பன்னண்டு எப்படி இருக்கு?"

மேனேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்தே கத்தினார். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

"பச்சைதான் சார்" என்றாள் ராடார். எந்த லைன் படுத்தாலும் முதலில் கண்டுபிடித்துவிடுவாள் என்று அலுவலகமே அவளுக்கு வைத்த பெயர் அது. அந்த ராடார் இன்றைக்குத் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏனென்றால் அவள் சொன்னது பச்சைப் பொய்.

சுவர் முழுக்க அடைத்திருந்த திரையில் நாலாயிரம் புள்ளிகள். ஒவ்வொன்றும் யார் வீட்டிலோ, கடையிலோ மாட்டியிருக்கும் இன்டர்நெட் பெட்டி. உயிரோடிருந்தால் பச்சை, செத்தால் சிவப்பு. கரண்ட் போனால் பெட்டி சும்மா போகாது, 'போகிறேன்' என்று கடைசியாக ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் போகும். காலை பத்து பத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டிலிருந்து அந்தச் செய்தி வந்தது. யார் கண்ணிலும் படுவதற்குள் அதை அழித்தாள். அழித்த கையோடு, அந்தப் புள்ளிக்குப் பக்கத்து வீட்டு நானூற்றுப் பதின்மூன்றின் முகவரியைக் கொடுத்துவிட்டாள். இனி 'இருக்கிறாயா?' என்று கம்ப்யூட்டர் கேட்டால் பக்கத்து வீடு 'இருக்கிறேன்' என்று சொல்லும். எட்டு வருஷ சர்வீசில் செய்யாத திருட்டுத்தனம்.

எல்லாம் ஆபீஸ் லைன்மேன் அண்ணனின் பழக்கதோஷம். எந்த வேலையைத் தொட்டாலும் மனுஷன் முதலில் வீட்டு மெயின் ஸ்விட்சை இறக்கிவிடுவார். "பெட்டி மட்டும் அணையக்கூடாது அண்ணே" என்று நேற்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கேட்டால்தானே!

"கை தானா போயிடுச்சு தங்கச்சி. திரும்ப ஏத்திட்டேன், பெட்டி எந்திரிக்க மாட்டேங்குது. கொஞ்ச நேரம் சமாளி" என்று போனில் கிசுகிசுத்தார்.

மூன்று வாரம் முன்பு நானூற்றுப் பன்னிரண்டு இருக்கும் அந்த வீட்டுக்குப் பெட்டி மாட்டப் போனவரும் அவர்தான். திரும்பி வந்து அவள் காதில் மட்டும் ஒரு விஷயம் சொன்னார். அதற்காகத்தான் ஆர்டர் இல்லாமல், ஒருவருக்கும் தெரியாமல் இன்றைக்கு அங்கே வேலை நடக்கிறது. முடிவதற்குள் மேனேஜருக்குத் தெரிந்தால் இரண்டு பேருக்கும் சீட்டு கிழிந்துவிடும். அது போனால் போகட்டும், அந்த வீட்டில் இருக்கிறவளின் கதி என்ன ஆகும்?

செருப்புச் சத்தம். மேனேஜர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அது முக்கியமான கஸ்டமர்னு தெரியுமில்ல? எத்தனை போன் ஒட்டியிருக்கு, காட்டு."

ஐயோ, இதை யோசிக்கவே இல்லையே! பக்கத்து வீட்டில் லீவுக்கு வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருப்பார்களே. வேறு வழியில்லாமல் பட்டனை அமுக்கினாள்.

"அஞ்சு சார்."

"அஞ்சா?" அவர் குரல் மாறியது. "அங்க ஒரே ஒரு போன்தான் இருக்கணும்."

"யாராவது விருந்தாளி வந்திருப்பாங்க சார்" என்றான் பக்கத்து சீட்டுக்காரன், சிரித்துக்கொண்டே.

"அந்த வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்க."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"தப்பா காட்டுது போல சார். பழைய பெட்டி..."

"மூணு வாரம் முன்னாடிதானே புதுசு மாட்டினது?"

மேனேஜர் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"லைன்மேன் எங்க?"

"லீவு சார்."

"சரி, நானே போய்ப் பாக்கறேன்."

வண்டியில் போனால் பதினைந்து நிமிஷம். அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா? ஏன் போன் செய்யவில்லை? மேசையிலிருந்த கோப்பை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"சார்! மாச ரிப்போர்ட்ல கையெழுத்து... ஹெட் ஆபீஸ்ல ரெண்டு தடவை கேட்டுட்டாங்க சார்."

இருபது பக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார். ஒரு பக்கத்தைத் திருப்ப அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் அவள் மூன்று முறை போனைப் பார்த்தாள். கடைசிப் பக்கமும் முடிந்தது. பேனாவை எறிந்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

அப்போது அவள் போன் அதிர்ந்தது.

"வேலை முடிஞ்சுது தங்கச்சி."

அப்பாடா! போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஒற்றைக் கையால் பழைய முகவரியைத் திரும்பக் கொடுத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு குபீரென்று சிவந்தது.

"சார், நானூத்திப் பன்னண்டு செவந்துடுச்சு!"

வாசற்படியில் கால் வைத்தவர் அப்படியே திரும்பினார். "எப்ப?"

"பத்து பத்துக்கே போயிருக்கு சார், இப்பதான் காட்டுது. கஸ்டமருக்கு போன் பண்ணிக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லட்டுமா?"

"என் பொண்டாட்டி எப்படிடி திறப்பா? வெளிய பூட்டி, சாவியை நான்தானே வச்சிருக்கேன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. அறையிலிருந்த அத்தனை பேரும் அவர் கையில் ஆடிய சாவியையே பார்த்தார்கள்.

ராடாரின் காதுக்குள் அண்ணன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "பூட்டை அறுக்கத்தான் லேட்டாயிடுச்சு. பஸ் இப்பதான் கிளம்புச்சு. அந்தம்மா ஜன்னலோரமா உக்காந்து எனக்குக் கையாட்டிட்டுப் போறாங்க தங்கச்சி."