அடுக்கி வைத்த வீடு

கடுகு வெடிக்கும்போதுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது.

அடுப்பை அணைத்தாள். கூடாரத்தின் ஜிப்பைக்கூட மூடாமல் ஓடினாள். காலில் ரப்பர் செருப்பு. ஷூ மாட்டப் பொறுமையில்லை.

காலையில் பூங்காக் காவலர் படித்துப் படித்துச் சொன்னாரே.

இந்தப் பாலையில் பாதை என்று ஒன்று கிடையாது, எல்லாம் பாறை. அங்கங்கே கல்மேல் கல் அடுக்கி வைத்திருக்கிறோம். அதுதான் அடையாளம். அதைப் பார்த்துப் போங்கள், அதைப் பார்த்தே திரும்புங்கள்.

நன்றாகத் தலையாட்டிவிட்டு, மத்தியானம் அவள் செய்த காரியம்!

முட்டி வலிக்கிறதென்று பாதியில் தனியாகத் திரும்பியவள், இரண்டு வழி பிரியும் இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்தாள். கணவரும் மகளும் உச்சிக்குப் போயிருந்தார்கள். சுற்றிலும் ஒரு ஈ காக்காய் இல்லை.

பக்கத்துக்கு ஒரு கல் நிறுத்தி, மேலே பலகை போல ஒரு கல்லை வைத்தாள். அதன் தலையில் இன்னொரு குட்டிக் கல்.

ஊரில் மலைக்கோயில் படியோரம், சொந்த வீடு வேண்டி அப்படித்தான் அடுக்கிவிட்டு வருவார்கள். அரிசோனாவில் எந்தச் சாமி வந்து பார்க்கும் என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. மலை இருக்கிறது, கல் இருக்கிறது, போதாதா?

போன வாரம்தான், கையெழுத்து வரைக்கும் வந்த வீடு கைநழுவிப் போயிருந்தது. அன்றிலிருந்து அவரும் அவளும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"கல்லை அடுக்கினா வீடு வந்துடுமாக்கும்." எப்போதோ அவர் அடித்த கிண்டல். அதற்குப் பயந்துதான் அவர் இல்லாத நேரமாகப் பார்த்து அடுக்கினாள்.

வழி பிரியும் இடம் வந்துவிட்டது.

போகக் கூடாத பள்ளத்தாக்கின் வாசலில் அவள் வீடு ஜம்மென்று நின்றது.

மணலில் சின்ன ஷூவின் தடம். ஓடியிருக்கிறது. பின்னாலேயே பெரிய தடம், அதுவும் ஓட்டம்தான்.

அவளும் உள்ளே பாய்ந்தாள்.

"நறுமுகை!"

பாறைதான் திருப்பிச் சொன்னது. சாயங்கால வெயில் மேலே ஏறி, பாறை நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. செருப்பு ஒன்று அறுந்தது. உதறிவிட்டு ஓடினாள்.

"சாமி, எனக்கு வீடே வேண்டாம்" என்று வாய்விட்டே சொன்னாள்.

வளைவு திரும்பியதும் தரை முடிந்துபோயிருந்தது. கீழே கிணறு போல ஆழம். விளிம்பில் மகள். பிள்ளையின் முதுகுப்பை வாரை இரண்டு கையாலும் பிடித்தபடி அவர். முகத்தில் ரத்தமே இல்லை.

"கல்லு இருந்துச்சும்மா. அதான் இந்தப் பக்கம் ஓடியாந்தேன்."

அவள் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

திரும்பும் வழியில் கல்லடுக்கின் முன்னால் மண்டியிட்டாள். முதலில் குட்டிக் கல்லை எடுத்து எறிந்தாள்.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு சுவர், ஒரு கூரை. தமிழ்நாட்டுக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

கிண்டலுக்குக் காத்திருந்தாள்.

அவர் குனிந்து கூரையை எடுத்தார். எறியவில்லை. ஓரமாக, மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்பா, மேல நீ கட்டினதையும் கலைக்கணுமா?" என்றாள் மகள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அது உச்சியில இருக்கு. அங்கிருந்து எங்கயும் போக முடியாது. யாரும் வழி தப்ப மாட்டாங்க."

மிச்சக் கற்களையும் கலைத்தார்கள். அவர் தன் ஷூவைக் கழற்றி அவள் பக்கம் நகர்த்தினார். தொளதொளவென்றிருந்தது. போட்டுக்கொண்டாள்.

தூரத்தில் கூடாரம் தெரிந்தது. திறந்து கிடந்த வாசல் துணி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

ஷூவை இழுத்து இழுத்துக் கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு அவரைப் பார்க்காமல், உச்சியைப் பார்த்துக் கேட்டாள்.

"எத்தனை ரூமுங்க?"