சும்மா ஒரு ரவுண்டு

கொரட்டூர் ஏரிக்கரையில் அந்தப் பச்சை ஸ்கூட்டர் மறுபடியும் திரும்பி வந்தபோது, டீக்கடை மறைவில் நின்றிருந்த சொர்ணம் ரோட்டில் இறங்கிக் குறுக்கே நின்றுவிட்டாள்.

துலுக்கானம் பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த லாரிக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

அவள் புருஷனின் முகத்தைப் பார்க்கவில்லை. பின் சீட்டைத்தான் பார்த்தாள். காலியாக இருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து மேனாம்பேட்டு வீட்டுக்கும் தொழிற்பேட்டைக் கம்பெனிக்கும் நடந்தே போய்வந்த மனுஷன், திடீரென்று இந்தப் பழைய ஸ்கூட்டரை வாங்கினான். வேலை விட்டு வந்ததும் ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவான். எங்கே என்று கேட்டால், சும்மா ஒரு ரவுண்டு என்பான்.

ஆவடியில் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். ஏரிக்கரைப் பக்கம் அடிக்கடி பார்ப்பதாக இன்னொருத்தர். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் எதுவும் சொல்லவில்லை. சொர்ணத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். அதுதான் குத்தியது.

அவன் குளிக்கப் போனதும் சட்டையை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். பெட்ரோல் வாசனை மட்டும்தான் வரும். அதையும் அவள் நம்பவில்லை.

இன்று தான் வேலை செய்யும் கார்மெண்ட்ஸில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து காத்திருந்தாள். அவன் எந்த வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. போனான். வந்தான். திரும்பவும் போனான். எவளோ வரும்வரை பொழுதைக் கடத்துகிறான் என்று நினைத்தாள்.

“யாருக்கோசரம் இப்டி சுத்திகினு கீற?”

துலுக்கானம் என்ஜினை அணைக்கவில்லை.

“நடந்தா பாப்பா நெனப்பாவே கீது சொர்ணம். வண்டில போனா பஸ்ஸு, மாடு, பள்ளம்னு பாத்துகினே இருக்கணும். வேற ஒண்ணும் தோண மாட்டேங்குது.”

சித்திரையில் மஞ்சள் காமாலை வந்து செத்துப்போன மகள் கஸ்தூரியைப் பற்றி அவன் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. சுடுகாட்டிலிருந்து திரும்பிய அன்றுகூட அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அந்தக் கோபமும் அவளுக்குள் இருந்தது.

சீட்டைக் கையால் தட்டிவிட்டு, ஏறு, வீட்டுக்குப் போகலாம் என்றான்.

அவள் ஏறவில்லை. கார்மெண்ட்ஸுக்குக் காலையிலும் சாயங்காலமும் அவள் இன்னும் நடந்துதான் போய்வருகிறாள்.

ஹாண்டில்பாரில் அவன் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள்.

“நீ பின்னால குந்து. எனக்கும் ஓட்டக் கத்துக் குடு.”